எல்லோருக்கும் ஒரே விலாசம்

அந்த யன்னல் ஒரு சுளகின் அளவுக்குத்தான் இருக்கும். ஒரு வீட்டின் முன் அறைக்கும் நடைக்கும் நடுவிலிருந்த சுவரில் அதை வெட்டியிருந்தார்கள். மேலே தூக்கிக் கொளுவிவிடக்கூடிய ஒரு மரப்பலகைதான் அதற்குக் கதவு. பலகை மேலே போனால் அந்தப் பக்கத்தில் நிற்பவர் அரசாங்கம். பலகை கீழே வந்தால் அதே மனுஷி எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. சும்மா சொல்லவில்லை. நாங்கள் அந்த ஊருக்குக் குடிவந்த மறுநாள் காலை வேலியோரமாக வந்து, சூடு ஆறாத அப்பிள் பைப் பணியாரம் ஒன்றை என் கையில் தந்து, என் பெயரைக் கேட்டு, அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு போனவர் அவர். கொஞ்ச நேரம் கழித்து நான் தபால் கேட்டுப் போனபோது, யன்னலுக்குப் பின்னால் நின்று, "மிஸஸ்" என்று என் கணவரின் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டு, அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் பணியாரம் வைத்துத் தந்த தட்டு அப்போது எங்கள் குசினியில் இன்னும் கழுவாமல் கிடந்தது.

அவர்தான் அந்த ஊரின் தபாலதிபர். ஊர் என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. ரொறன்ரோவுக்கு வடகிழக்கே, ஒஷாவாவுக்கு மேலே, சோள வயல்களுக்கு நடுவில் இரண்டு வீதிகள் சந்திக்கும் இடத்தில் ஒரு தேவாலயம், உழவு இயந்திரம் திருத்தும் ஒரு கொட்டகை, கொஞ்ச வீடுகள். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இந்தக் கிழமையே கார் எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்று படம் பிடிக்க எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். என் கணவருக்கு ஒஷாவாவில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அதுவரை நாங்கள் இருந்தது ரொறன்ரோ நகருக்குள், சென் ஜேம்ஸ் ரவுணில், மாடிக்கு மேல் மாடியாக எங்கள் சனம் நிறைந்திருந்த ஒரு கட்டடத்தில். கூட வேலை செய்த ஒருவர் இந்த ஊரில் ஒரு பழைய வீடு மலிவாகப் போகிறது என்றார். போய்ப் பார்த்தோம். கூரை ஒழுகியது. வாங்கிவிட்டோம். அந்த ஊரில் நாங்கள் ஒரே ஒரு தமிழ்க் குடும்பம்.

இப்போது நான் மகளோடு ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறேன். புது வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. தபாலுக்கு வீதி முடக்கில் ஓர் இரும்புப் பெட்டி நிற்கிறது. அதில் நிறையச் சின்னக் கதவுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு திறப்பு. யார் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று நான் இன்றுவரை கண்டதில்லை. திறந்தால் பீட்சா விளம்பரமும் வீடு விற்றுத் தருகிறோம் என்று சிரிக்கும் முகங்களும் விழும். பேத்தியிடம் ஒருநாள் சொன்னேன், எங்கள் காலத்தில் ஒரு கடிதத்துக்காகப் பெரிய மனிதர்கள் அழுவார்கள் என்று. அவள் கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "சீரியஸ்லி, அம்மம்மா?" என்றாள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலகை கீழே வந்திருக்கும் நேரங்களில் தபாலதிபர் நன்றாகக் கதைப்பார். அவருடைய குசினி மேசையில் இருந்து தேநீர் குடித்தபடி நான் கேட்டறிந்த கதைகள் அந்த ஊரை எனக்கு வேறொன்றாக ஆக்கிவிட்டன. முதலில் அந்த இடத்துக்குப் பெயரே இருக்கவில்லையாம். காட்டை வெட்டிக் குடியேறியவர்கள் கடிதம் எடுக்க ஒருநாள் முழுக்க நடக்க வேண்டியிருந்தது. அங்கே மதுச்சாலை வைத்திருந்த ஒருவர் தன் கடையில் தபால் கந்தோர் நடத்த அனுமதி கேட்டு எழுதினார். தருகிறோம், ஆனால் இடத்தின் பெயர் என்ன என்று மேலிடம் கேட்டது. அவர் யோசிக்கவில்லை, தன் மனைவியின் பெயரை எழுதி அனுப்பிவிட்டார். அந்த மனைவிக்கு எழுத்து வாசனை கிடையாது. தன் ஆயுளில் அவருக்கு ஒரு கடிதமும் வந்ததில்லையாம். ஆனால் அந்தத் திசைக்கு வந்த ஒவ்வொரு உறையின் மீதும் அவருடைய பெயர் இருந்தது. இதைக் கேட்ட அன்று எனக்கு மேல் புல்லரித்தது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

அதன் பிறகு கந்தோர் ஆளுக்கு ஆள் மாறியது. தபாலதிபராக யார் வந்தாரோ அவருடைய வீடே கந்தோர். மதுச்சாலைக்காரரிடமிருந்து கொல்லரிடம், கொல்லரிடமிருந்து பலசரக்குக் கடைக்கு, கடையிலிருந்து இந்த வீட்டுக்கு. கடிதங்களைப் பிரித்து வைக்கும் மரத்தட்டை, புறாக்கூடு மாதிரிச் சின்னச் சின்ன அறைகள் உள்ளது, குதிரை வண்டியில் ஏற்றி வீதிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொண்டு திரிந்திருக்கிறார்கள். ஊர்ப் பெயர் பொறித்த முத்திரையும் அதோடு போகும். முத்திரை எந்த வீட்டில் இருக்கிறதோ அங்கேதான் ஊர் இருந்தது என்று சொல்லலாம். இவருடைய மாமியார் தபாலதிபராக இருந்தவர். அவருக்குப் பின் இவர். கணவர் காலமாகி, பிள்ளைகள் மேற்கே போய்விட, இவர் அந்த யன்னலோடு நின்றுவிட்டார்.

ஒருமுறை தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து நாற்சந்திகளைக் காட்டினார். ஓர் இடத்தில் நான்கு மேப்பிள் மரங்கள் மட்டும் நின்றன. இன்னோர் இடத்தில் வேலியில்லாத சவக்காலை. "இது ஒரு ஊர். இங்கே பள்ளிக்கூடமும் ஆலையும் இருந்தன" என்றார். வீதி வீதியாகக் கடிதம் கொண்டுபோய்ப் போடும் வழக்கம் வந்தபோது சின்னக் கந்தோர்களை ஒவ்வொன்றாக மூடினார்களாம். கந்தோர் போனதும் ஊர்ப் பெயர் உறையிலிருந்து போனது. பிறகு வரைபடத்திலிருந்து போனது. பிறகு சனத்தின் வாயிலிருந்தும் போனது. சண்டையில்லை, குண்டில்லை, ஒருவரும் துரத்தவுமில்லை. ஓர் ஊர் இப்படியும் இல்லாமல் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. குண்டு விழுந்த ஊரிலிருந்து வந்த எனக்கு அந்த அமைதி பயமாக இருந்தது.

இனி எங்கள் ஆட்களின் கதைக்கு வருகிறேன். தொடக்கி வைத்தவன் என் கணவரின் சித்தி மகன். சென் ஜேம்ஸ் ரவுணில் ஐந்தாறு பெடியன்களோடு ஓர் அறையில் இருந்தான். அந்த நாட்களில் எங்கள் பெடியன்கள் அங்கே கூடு மாறும் குருவிகள் மாதிரித்தான். இந்த மாடியில் ஒரு மாதம், அடுத்த கட்டடத்தில் இரண்டு மாதம், வாடகை ஏறினால் வேறு இடம். தபால் பெட்டியில் யார் பெயர் இருக்கிறதோ அவன் போயிருப்பான், போனவனின் கடிதம் குப்பைக்குப் போகும். அகதிக் கோரிக்கை விசாரணைக்குக் கூப்பிட்டு வரும் கடிதம் கைக்கு வராவிட்டால் அவனுடைய கதை அதோடு சரி. ஊரில் அம்மா எழுதும் கடிதமோ எந்தக் கப்பலில், யார் கையில் கொழும்புக்கு வந்து, எப்போது இங்கே சேரும் என்று சொல்ல முடியாது. எழுதும்போது இருந்த விலாசம் சேரும்போது இருக்காது. ஒருநாள் தொலைபேசியில் வந்தான்.

"அண்ணி, குறை நினையாதேங்கோ. இமிகிரேசனுக்கு உங்கட அட்ரஸைத்தான் குடுத்திருக்கிறன். நீங்கள் வீடு வாங்கினனீங்கள்தானே, இனி எங்கையும் போகமாட்டியள்."

"அதுக்கென்ன, குடு" என்றேன். ஒருவனுக்குத்தானே.

அவன் தன் அறைப் பெடியன்களுக்குச் சொன்னான். அவர்கள் மாடியில் இருந்த அன்ரிமாருக்குச் சொன்னார்கள். 'ஒஷாவாப் பக்கம் ஓர் அக்கா இருக்கிறா, வீடு சொந்த வீடு, விலாசம் மாறாது' என்ற செய்தி மின்தூக்கியில் ஏறி இறங்கியிருக்க வேண்டும். அடுத்த கோடைக்குள் எங்கள் வீட்டு விலாசத்தில் எனக்கு முகமே தெரியாத சனம் குடியிருந்தது. பிரான்சிலிருந்து, ஜேர்மனியிலிருந்து, சுவிஸிலிருந்து, தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து, யாழ்ப்பாணத்திலிருந்து என்று கடிதங்கள் அந்தச் சோள வயலுக்கு வந்து இறங்கின. தபால் கந்தோர் நடைச் சுவரில் ஊரின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பித்தளைக் கதவு போட்ட ஒரு சின்னப் பெட்டி உண்டு. எங்களுடையது பிதுங்கியது. தபாலதிபர் தானாகவே பின்னால் ஓர் இழுப்பறையை எங்களுக்கென்று ஒதுக்கினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் ஒரு பை நிறையக் கடிதங்களை எடுத்துக்கொண்டு பஸ்ஸும் சுரங்க ரயிலும் ஏறிச் சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் போய்ப் பங்கிடுவேன். என் கணவர் என்னைத் 'தபால்காரி' என்று பகிடி பண்ணுவார்.

அந்தக் குளிர்காலம் தொடங்கும்போதுதான் பேச்சு வந்தது. சின்னத் தபால் கந்தோர்களை மேலிடம் திரும்பவும் ஆராய்கிறதாம். போதிய வாடிக்கையாளர் இல்லாதவற்றை மூடிப் பெரிய பட்டணத்துக் கந்தோர்களோடு சேர்க்கப் போகிறார்களாம். ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருந்தது. எங்களுடையது மூடினால் ஊர்ப் பெயர் போகும், விலாசம் மாறும். அந்த மேப்பிள் மரங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. தபாலதிபருக்கு அது அவருடைய மாமியாரின், அந்தப் படிக்காத மனைவியின் ஊர். எங்கள் ஆட்களுக்கு அது இந்த நாட்டில் மாறாமல் இருந்த ஒரே விலாசம். போர் நடக்கும் நாட்டிலிருக்கும் தாய்மாருக்கு "விலாசம் மாறிவிட்டது" என்று எழுதி, அது போய்ச் சேருவதற்குள் எத்தனை கடிதம் தொலையும்.

மேற்பார்வையாளர் வந்த அன்று நான் நடையில்தான் நின்றேன். இளம் ஆள், மரியாதையான ஆள், சப்பாத்தில் பனி உருகி ஓடியது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எங்கள் இழுப்பறையைத் திறந்தார். கடிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு தபாலதிபரைப் பார்த்து, "இந்த வீட்டில் இத்தனை பேர் வசிக்கிறார்களா?" என்று கேட்டார்.

எங்கள் நாடென்றால் இந்த இடத்தில் ஒரு நல்ல அயலவர் என்ன சொல்லுவார் என்று எல்லோருக்கும் தெரியும். 'ஓம் ஓம், எல்லாரும் இஞ்சைதான், இப்ப வேலைக்குப் போட்டினம்' என்று கண்ணை வெட்டாமல் சொல்லுவார். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். பலகை மேலே இருந்தது. தபாலதிபர் "இல்லை" என்றார்.

மனுஷி எங்களையும் தன்னையும் ஒரே சொல்லில் முடித்துவிட்டாரே என்று நினைத்தேன்.

"அப்படியானால் இவர்களை இந்தக் கந்தோரின் வாடிக்கையாளர்களாகக் கணக்கில் எடுக்க முடியாது" என்றார் மேற்பார்வையாளர். "முடியும்" என்றார் தபாலதிபர். குரல் உயரவில்லை. நிலையான விலாசம் இல்லாத எவரும் எந்தத் தபால் கந்தோருக்கும் தன் பெயருக்குக் கடிதம் வரவழைக்கலாம், தானே நேரில் வந்து அடையாளம் காட்டி வாங்கிக்கொள்ளலாம், அது பழைய விதி என்றார். மரம் வெட்ட வந்தவர்களுக்கும் ரயில் பாதை போட வந்தவர்களுக்கும் அறுவடைக் கூலிகளுக்கும் இந்த யன்னலால் அப்படித்தான் கொடுத்தோம் என்றார். "இன்றிலிருந்து இவை அந்த வகைக் கடிதங்கள். இவர்கள் வருவார்கள்." மேற்பார்வையாளர் மறுக்கவில்லை. ஒரு தவணைக்குள் கேட்டுப் பெறாத கடிதங்களை அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும் என்பதை ஞாபகப்படுத்தினார். தவணை முடியும் சனிக்கிழமை தானும் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் நான் யன்னலுக்குப் போய் வழக்கம்போல எங்கள் பையை நீட்டினேன். "உங்கள் பெயருக்கும் உங்கள் கணவர் பெயருக்கும் வந்தவை இதோ" என்று இரண்டு உறைகளைத் தந்தார். மற்றவை? அவரவர் வர வேண்டும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மேலே கிடந்தது சித்தி மகனுக்கு அவன் அம்மா எழுதிய கடிதம். எழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். கை நீட்டினால் எடுக்கலாம். பலகை கீழே வந்த பிறகு குசினிப் பக்கமாகப் போய்க் கெஞ்சினேன். எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார், தோளைத் தடவினார், கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கந்தோர் பூட்டியிருக்கிறது என்றார்.

வீட்டில் என் கணவர் குதித்தார். "உமக்கு ஏன் உந்தத் தேவையில்லாத வேலை? ஆர் வருவினம் இஞ்சை? கவுண்மேந்து ஆள் நிக்கிற இடத்துக்கு, கேஸ் முடியாத பெடியள் வருவாங்களே?" அவர் சொன்னது பிழையில்லை. அடுத்த சனிக்கிழமை வெறுங்கையோடு நான் சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் போய்க் கதவு கதவாகத் தட்டினேன். பையைத் தேடிய கண்கள் என் முகத்தைப் பார்த்தன. விஷயத்தைச் சொன்னேன். அதிகாரி ஒருவர் நிற்பார் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். "அக்கா, உது பொறியாய் இருக்கும். பேரை எழுதி எடுத்துப்போட்டுப் பிடிப்பாங்கள்" என்றான் ஒருவன். இன்னொருவனுக்குச் சனிக்கிழமை உணவகத்தில் வேலை. சித்தி மகன் "ஓம் அண்ணி, பாப்பம்" என்றான். எங்கள் ஆட்கள் 'பாப்பம்' என்றால் வரமாட்டார்கள் என்று அர்த்தம். கடைசியாக ஓர் அன்ரி மட்டும் கதவு நிலையைப் பிடித்தபடி, "அப்ப என்ர பிள்ளையின்ர கடிதம் அங்கை சும்மா கிடக்குதோ?" என்று கேட்டார். கிடக்கிறது என்றேன்.

தவணை முடியும் சனிக்கிழமை வந்தது, நல்ல பனி. பலகை நேரத்துக்கு மேலே போனது. மேற்பார்வையாளர் நடையிலிருந்த நீள மர வாங்கில் கோப்பிக் குவளையோடு வந்து அமர்ந்தார். மாடு வளர்க்கும் எங்கள் அயலவர் ஒருவர், தபாலை எடுத்த பிறகும் போக மனமில்லாமல், தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார். ஊர்ச் சனம் வந்தது, போனது. எங்கள் ஆட்களில் ஒரு குஞ்சு குருமானையும் காணவில்லை. நான் வாசல் கண்ணாடியூடாக வீதியைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. தபாலதிபர் ஒருமுறைகூட வீதிப் பக்கம் பார்க்கவில்லை. முத்திரை குத்திக்கொண்டிருந்தார். யன்னல் பூட்டும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு வான் வந்தது. ஏதோ மரக்கறிக் கடையின் வான். பின்கதவு திறந்தது, அதற்குள்ளிருந்து சேலைக்கு மேல் குளிரங்கி போட்ட அன்ரிமார் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். முன்னால் வந்தவர் அந்தக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்ரிதான். அதற்குப் பின்னால் ஒரு கார், அதற்குப் பின்னால் இன்னொன்று. கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். கந்தோருக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாதென்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், தட்டுத் தட்டாக வடையும் றோல்ஸும் வேறு. நடை நிறைந்து, வாசல் நிறைந்து, வரிசை வீதிவரை போனது. சித்தி மகன் கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். "அம்மாட கடிதமாம் அண்ணி, என்ன செய்யிறது" என்றான், பிழை செய்தவன் மாதிரி.

தபாலதிபர் ஒவ்வொருவரிடமும் அட்டையை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொருவரையும் மிஸ்டர் என்றும் மிஸஸ் என்றும் கூப்பிட்டு, அவர்களுடைய முழுப் பெயரையும் ஒரு துண்டுகூடக் குறைக்காமல் மெதுவாகச் சொன்னார். பிறகு கடிதத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். வந்த நாளிலிருந்து பட்டியல் எண்ணாகவும் 'அடுத்தவர்' ஆகவும் இருந்து பழகிய பெடியன்கள், தங்கள் தகப்பன் பெயரும் சேர்த்துக் கேட்டபோது நிமிர்ந்து நின்றதை நான் என் கண்ணால் கண்டேன். றோல்ஸ் தட்டை நீட்டிய அன்ரியிடம், யன்னலால் எதுவும் வாங்கக் கூடாது என்று மறுத்தார். அன்ரி தட்டை மேற்பார்வையாளரின் மடியில் வைத்தார். அவர் "வேண்டாம்" என்றார். அன்ரி அதைக் காதில் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரும் மாட்டுக்கார அயலவரும் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், உறைப்பில் இருவருக்கும் கண் கலங்கியிருந்தது.

வரிசையின் கடைசியில் ஒரு வயதானவர் வந்தார். அவரை எனக்குத் தெரியாது. என் பையில் அவர் பெயருக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. இங்கே கடிதங்கள் வருகின்றன என்று கேள்விப்பட்டு ஏறி வந்திருக்கிறார். ஊரில் அவர் மகனைக் காணவில்லையாம். தபாலதிபர் அட்டையை வாங்கினார், பெயரைச் சொன்னார். பிறகு இழுப்பறையில் மிஞ்சியிருந்த ஒவ்வொரு உறையையும் எடுத்துப் பார்த்தார். மரத்தட்டின் அறைகளையும், அன்று வந்து வெறுமையாகிவிட்ட சாக்கையும் பார்த்தார். அவர் பொய்க்குத் தேடவில்லை. திரும்பி வந்து, "இன்றைக்கு இல்லை, ஐயா. திரும்பவும் வாருங்கள்" என்றார். நான் தமிழில் சொன்னேன். அந்த மனிதர் தலையாட்டினார். "ஓம், வாறன்" என்றார். பிறகும் பல சனிக்கிழமைகள் வந்தார். ஒவ்வொரு முறையும் தபாலதிபர் அதே மாதிரி முழுவதையும் தேடினார்.

மேற்பார்வையாளர் முடிவைச் சொல்லாமல் எழுந்து போனார். அதன் பிறகு தவிப்புத்தான். ஊரில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் எல்லோரும் தங்கள் தபாலை எடுத்த பின் நடையில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்கள்.

முடிவு வந்தது ஒரு சாதாரண வேலைநாளில். நான் தபால் எடுக்கப் போயிருந்தேன். தபாலதிபர் சாக்கைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். மேலிடத்துச் சின்னம் போட்ட நீள உறை ஒன்று அவர் கைக்கு வந்ததை யன்னலால் கண்டேன். மேலே அவருடைய சொந்தப் பெயர். அவர் அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு, மற்ற எந்த உறையையும் போல, சுவரில் தன் வீட்டுப் பெட்டிக்குள் பின்பக்கமாக வைத்துவிட்டு அடுத்த கடிதத்தை எடுத்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வந்தவர்களுக்குத் தபால் முத்திரை விற்றார். ஒரு பார்சலை நிறுத்தார். ஒரு பெண்மணியின் மூட்டுவலிக் கதையைக் கடைசிவரை கேட்டார். பூட்டும் நேரம் வந்தது, பலகை கீழே வந்தது. நடைக்கு வர யன்னலுக்குப் பக்கத்திலேயே ஒரு கதவு இருந்தது, அது கந்தோருக்குரியது. அவர் அதைத் திறக்கவில்லை. குசினிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. குளிரங்கியைப் போட்டுக்கொண்டு, முழங்கால் பனிக்குள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, வீதியால் வந்து, சனம் வரும் முன்வாசலால் உள்ளே வந்தார். சப்பாத்துப் பனியைத் தட்டினார். தன் திறப்பால் தன் பெட்டியைத் திறந்து உறையை எடுத்துப் பிரித்தார்.

கந்தோர் தொடரும் என்று எழுதியிருந்தார்கள். அதை என்னிடம் தந்துவிட்டு வாங்கில் அமர்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அதன் பிறகு அவர் நெடுங்காலம் அங்கே இருந்தார். இப்போது அவர் இல்லை. மாட்டுக்கார அயலவரின் மருமகள் அந்தப் பலகையைத் தூக்குகிறார். ஊர் இன்னும் அந்த மனைவியின் பெயரில்தான் இருக்கிறது.

அன்று அவர் அழுது முடித்ததும் கேட்டேன், காலையிலேயே கையில் இருந்ததே, ஏன் பிரிக்கவில்லை என்று. அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. "அப்போது நான் வேலையில் இருந்தேன். அது என்னுடைய கடிதம்" என்றார். நான் திரும்பி நின்றுகொண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து என் அம்மா எழுதும் கடிதங்கள் வழிச் சோதனைகளில் எத்தனை பேர் பிரித்துப் படித்துத் திரும்ப ஒட்டி அனுப்ப வந்து சேர்ந்தனவோ எனக்குத் தெரியாது. அந்தப் பயத்தில் அம்மா "நாங்கள் சுகம்" என்பதற்கு மேல் ஒரு வரி எழுதமாட்டார். வீட்டுக்குப் போய் அன்று பின்னேரமே அம்மாவுக்கு எழுத உட்கார்ந்தேன். இங்கே ஒருத்தி தன் கடிதத்தைக்கூட நேரம் வருமுன் பிரிக்கமாட்டாள் என்று முதல் வரியில் எழுதினேன். அம்மாவுக்கு முன்னால் அதைப் பிரித்துப் படிப்பவன் எவனோ, அவனும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதினேன்.